அரை வயல் தண்ணீர்

பிப்ரவரி 6, திங்கள்

காலையில் ரயிலிலிருந்து இறங்கி, பேருந்து பிடித்து, அணைநல்லூர் வந்து சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ். மாடி அறை. ஜன்னலைத் திறந்தால் தாமிரபரணி தெரிகிறது. வெயில் நன்றாக அடிக்கிறது, ஆனால் சென்னை வெயில் போலப் பிசுபிசுப்பு இல்லை. துண்டைக் காயப்போட்டுவிட்டுக் குளித்து வருவதற்குள் காய்ந்துவிட்டது.

எதற்காக வந்தேன் என்பதை ஒழுங்காக எழுதிவிடுவது நல்லது. என் மகள் பூங்கோதையோடு வங்கியில் வேலை பார்க்கும் பெண்ணுக்கு இந்த ஊரில் ஓர் அத்தை இருக்கிறார். பெயர் உலகம்மாள். அரசு மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்து நெடுங்காலம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. நான் கல்லூரி நூலகராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி வனஜா போனபிறகு கடையில் இட்லி மாவு வாங்கித் தனியாகக் காலம் தள்ளுகிறவன். இந்த இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கலாமே என்று அந்த இரண்டு பெண்களும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் முடிவு செய்திருக்கிறார்கள்.

"பத்து நாள் அந்த ஊர்ல இருங்கப்பா. பேசிப் பழகிப் பாருங்க. பிடிச்சிருந்தா நீங்களே அவங்ககிட்ட கேளுங்க. உங்களுக்காக நான் கேக்க மாட்டேன்" என்றாள் பூங்கோதை.

அந்த ஊர் அணைக்கட்டையும் வாய்க்கால்களையும் பார்க்கவேண்டும் என்று எனக்கு வெகுநாளாக ஆசை என்று சொன்னேன்.

"சரி, அணைக்கட்டைப் பாக்கப் போறதாவே வெச்சுக்கங்க."

வனஜாவை எனக்குப் பார்த்தது என் பெரியப்பா. வேலை வாங்கித் தந்தது என் பேராசிரியர். பேருந்தில் நடத்துநர் மீதிச் சில்லறை தர மறந்தால் கேட்காமல் இறங்கிவிடுகிறவன் நான். எழுபது வயதில் ஒரு பெண்மணியிடம் போய் எப்படிக் கேட்பது? கேட்கத் தகுதி இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

பிப்ரவரி 7, செவ்வாய்

அணைக்கட்டைப் பார்த்தேன். ஆற்றின் குறுக்கே ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு நீண்ட கல் சுவர். நேராக இல்லை. வளைந்து போகிறது. ஆற்றை எதிர்த்து நிற்காமல், கொஞ்சம் இடம் கொடுத்து, பக்கத்தில் திருப்பிவிடுவதற்காக அப்படிக் கட்டியிருக்கலாம் என்று தோன்றியது. தவறாகவும் இருக்கலாம். சுவருக்கு மேலே தண்ணீர் கண்ணாடித் தகடு போல வழிகிறது. கீழே பையன்கள் பாறையிலிருந்து குதிக்கிறார்கள். வலது கரையில் வாய்க்காலின் தலைமதகு. அங்கிருந்து பிரிந்து போகும் தண்ணீர் ஊருக்கு நடுவே ஓடி, அந்தப் பக்கம் வயல்களுக்குள் நுழைகிறது. வாய்க்காலுக்கு வீட்டுக்கு வீடு படி வைத்திருக்கிறார்கள்.

மாலையில் உலகம்மாள் இருக்கும் தெருமுனை வரை நடந்தேன். திரும்பி வந்துவிட்டேன். வெயில் காரணம்.

பிப்ரவரி 8, புதன்

காலையில் லாட்ஜ் மேலாளர் தேவசகாயம் கதவைத் தட்டினார். "சார், சிஸ்டர் வந்திருக்காவ." எனக்கு உடன்பிறந்தவர்கள் யாரும் இல்லை என்று சொன்னேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

கீழே போனால், வாசலில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு ஓர் அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம். வெள்ளைக் கைக்கடிகாரம். ஊர் முழுக்க அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறது.

"நான் உலகம்மாள். நேத்து எங்க தெரு முக்கு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டியளாமே? மூணு வீட்டுல இருந்து வந்து சொல்லிட்டாவ."

"வெயில்..." என்றேன்.

"ஆமா, ஆறு மணிக்கு நல்ல வெயிலு" என்றார். "வாங்க, காப்பி குடிக்கலாம். சைக்கிள உருட்டிக்கிட்டு கூட நடக்கேன்."

வீடு வாய்க்காலை ஒட்டியது. சின்னது, சுத்தமானது. மாடியில் ஓர் அறை காலியாக இருக்கிறது. கூடத்தில் தையல் இயந்திரம். சுவரில் கணவர் படம், மீசைக்காரர். என்னைவிட தைரியசாலியாகத் தெரிந்தார்.

காப்பி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். "நீங்க எதுக்கு வந்திருக்கீயன்னு எனக்குத் தெரியும். எதுக்கு வந்திருக்கீயன்னு எனக்குத் தெரியும்னு உங்களுக்கும் தெரியும். அதனால பயப்படாதீய. நிதானமாப் பேசலாம்" என்றார்.

நான் உடனே, ஆற்றிலிருந்து வாய்க்காலுக்குள் வரும் வண்டல் ஆண்டுக்கு எவ்வளவு படியும் என்று கேட்டேன்.

அவரை எப்படிக் கூப்பிடுவது என்பது ஒரு சிக்கல். சிஸ்டர் என்று நான் சொல்வது பொருந்தாது. மேடம் என்றதற்கு, ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்ஷன் வந்த மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். ஆகவே எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே பேசுகிறேன். கவனத்தைத் திருப்ப வேண்டுமென்றால் இருமுகிறேன். "உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கா?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

சிரிக்கும்போது தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்க்கிறார். இது நீர்ப்பாசனத்துக்குச் சம்பந்தமில்லாதது.

பிப்ரவரி 9, வியாழன்

வாய்க்கால் கரையோடு நடந்து அவருடைய வயலைப் பார்த்தோம். முக்கால் ஏக்கர். அவருடைய அப்பா வழியில் வந்தது. பள்ளத்து வயல் என்று பெயர். கதிர் வெளிவந்து நிற்கிறது. ஒரு நெல்லைப் பிடுங்கி நகத்தால் நசுக்கிக் காட்டினார். வெள்ளையாகப் பால் வந்தது.

"இந்தச் சமயத்துல தண்ணி இல்லாமப் போச்சுன்னா முடிஞ்சது. எல்லாம் பதராப் போயிரும். நாலு மாசப் பாடு."

மழைக்காலத்தில் தண்ணீருக்குக் குறைவில்லை. இப்போது ஆறு மெலிந்துவிட்டதால் முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறார்கள். இன்ன வயலுக்கு இன்ன நாள், இன்ன பொழுது. அதைப் பார்த்துக்கொள்வது இசக்கி என்பவர். ஊரே நெல் அளந்து அவருக்குக் கூலி கொடுக்கிறது. முறை முடிந்ததும் வாய்க்கால் பாலத்தில் நின்று துண்டை வீசுவார். உடனே மடையை அடைத்துவிட வேண்டும். அப்புறம் ஒரு செம்பு தண்ணீர்கூட எடுக்கக் கூடாது. மேலிருந்து கீழே வயல் வயலாகத் தண்ணீர் நகர்ந்து போகும். கடந்துபோன வயலுக்குத் திரும்பி வராது. அடுத்த முறை வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

"நமக்கு ஞாயித்துக்கிழமை காலையில இருந்து மத்தியானம் வரைக்கும்" என்றார். எங்கள் இருவரையும் சேர்த்து அவர் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அப்படித்தான் பேசுகிறார்கள்.

மதியம் அவர் வீட்டில் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும். இரண்டாம் முறை கேட்காமலே போட்டார். கேட்டுத்தான் போடுவேன் என்றிருந்தால் பசியோடு வந்திருப்பேன்.

பிப்ரவரி 10, வெள்ளி

வேட்டி துவைத்தேன். சட்டைப் பொத்தான் தைத்தேன். ஆற்றில் குளிக்க இறங்கி, முழங்கால் வரை போய், போதும் என்று திரும்பினேன். தண்ணீர் இதமாக இருந்தது. படித்துறையில் ஒருவர், "இன்னும் நாலு எட்டு வாங்க சார், ஆறு கடிக்காது" என்றார்.

பூங்கோதை போன் செய்தாள்.

"பேசினீங்களாப்பா?"

"தினமும் பேசுகிறோம்."

"எதைப் பத்தி?"

"மதகுகள். வண்டல். நெல்லில் பால் பிடிப்பது."

"அப்பா, பதினாறாம் தேதி உங்களுக்கு ரயில்" என்றாள்.

பிப்ரவரி 11, சனி

உலகம்மாளிடம் காலை ஆறரை மணி வரை யாரும் பேசக்கூடாதாம். எனக்கும் அதே வழக்கம். ரேடியோவைச் சத்தமாக வைப்பாராம். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். இரண்டு பேருக்கும் பாகற்காய் பிடிக்கும். இதை ஏன் குறித்து வைக்கிறேன் என்று தெரியவில்லை.

இன்று கேட்டுவிடுவது என்று போனேன். தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து யாருடைய பேத்திக்கோ பாவாடை தைத்துக்கொண்டிருந்தார். அந்தச் சத்தத்தில் கேட்பது சரியல்ல என்று காத்திருந்தேன். இயந்திரம் நின்றது. இருமினேன். அவர் எழுந்து போய்ச் சுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு வந்தார். குடித்தேன்.

நாளைக்கு அவரோடு வயலுக்குப் போகிறேன்.

பிப்ரவரி 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் நாங்கள் வயலுக்குப் போனபோது இசக்கி வாய்க்கால் பலகையை ஏற்றிவிட்டுப் போயிருந்தார். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான்கே வெட்டில் மடையைத் திறந்தார் உலகம்மாள். தண்ணீர் உள்ளே ஓடி, பயிரின் அடியைத் தொட்டுத் தொட்டு விரிந்தது. வெயில் அதில் பட்டு உடைந்தது. வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல இருந்தது.

அப்போது அவருக்குப் போன் வந்தது. மேலத்தெருப் பெண் ஒருத்திக்குப் பிரசவ வலி. ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ நிற்கிறது. சிஸ்டர் கூட வந்தால்தான் ஏறுவேன் என்று அவள் அடம் பிடிக்கிறாளாம்.

"தலைப்பிள்ளை. பயந்து கெடக்கா. நான் போயிட்டு வந்திருதேன்" என்று மண்வெட்டியை என் கையில் கொடுத்தார். "நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். சும்மா நின்னாப் போதும். மத்தியானம் இசக்கி துண்டு வீசும்போது அடைச்சிருங்க."

சும்மா நிற்பது எனக்குக் கை வந்த வேலை என்று நினைத்தேன். குடையை விரித்துக்கொண்டு நின்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

மேல்பாதி வயல் நிறைந்து, கீழ்ப்பாதிக்குத் தண்ணீர் போகத் தொடங்கும் நேரத்தில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தடித்த மீசை, சிரித்த முகம். மாசானம் என்று பெயர் சொன்னார். கீழ்வயல்காரர். அடுத்த முறை அவருக்குத்தான்.

"சார் மெட்ராஸா? அங்க தண்ணியெல்லாம் லாரியிலல்லா வருமாம்?"

ஆமாம் என்றேன். நெடுநேரம் அன்பாகப் பேசினார். எனக்கு என்ன வயது, மகள் எங்கே இருக்கிறாள், லாட்ஜில் கொசு உண்டா என்றெல்லாம் விசாரித்தார். பிறகு, "ஒண்ணுமில்ல சார். மத்தியானம் மச்சான் வீட்டுல காதுகுத்து. போகாம இருந்தா வீட்டுல சோறு கெடைக்காது. தண்ணிய இப்பவே நம்ம பக்கம் திருப்பிக்கிடட்டுமா? என்ன சொல்லுதீய?" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்டதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை. வாழ்நாள் முழுக்க என்னிடம் யார் எதைக் கேட்டாலும் நான் சொல்லிப் பழகிய ஒரே வார்த்தை வாயில் வந்துவிட்டது.

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

அவரே ஒரு கணம் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். பிறகு என் கையிலிருந்த மண்வெட்டியை வாங்கி மடையை அடைத்து, தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பினார். மண்வெட்டியைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். அவர் வேலை முடிந்ததும் மீதி நேரத் தண்ணீர் நமக்குத்தானே வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் வயல் நிறைந்ததும் தண்ணீர் அதற்கும் கீழே போய்விட்டது. அவரும் காதுகுத்துக்குப் போய்விட்டார்.

உலகம்மாள் மத்தியானம் திரும்பி வந்தார். பிரசவத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறதாம். வரப்பில் ஏறியதுமே கீழ்ப்பாதியைப் பார்த்துவிட்டார். வெடிப்பு விட்ட மண் அப்படியே கிடந்தது.

"மடை உடைஞ்சிட்டா?"

"இல்லை. மாசானம் கேட்டார். கொடுத்துவிட்டேன்."

"கொடுத்துட்டியளா? தண்ணியயா?"

"தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு கதிரைப் பிடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு, "இந்த ஊருல ஆத்தாளும் மகனும்கூட தண்ணிய விட்டுக் கொடுக்க மாட்டாவ" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால் இன்னும் கஷ்டமாக இருந்தது.

கொஞ்சநேரம் கழித்து எழுந்தார். "நாளைக்குக் காலையில மருதமரத்தடியில கூடுவாவ. முறை மாத்திக்கிடுறது, கடனாத் தண்ணி வாங்குறது எல்லாம் அங்கதான். நான் போயிக் கேட்டுப் பாக்கேன். அத விட்டா அடுத்த முறை வரதுக்குள்ள பாதி வயலு போயிரும்." சாப்பிட வாருங்கள் என்று சொல்லவில்லை. மறந்திருக்கலாம்.

லாட்ஜில் தேவசகாயம், "தண்ணிய தானம் பண்ணின சார் நீங்கதானா?" என்று கேட்டார். அறைக்கு வந்து பெட்டியைக் கட்டினேன். நாளைக்கே கிளம்பிவிடுவது எல்லோருக்கும் நல்லது. கேட்க வந்ததைக் கேட்காமல் போவதிலும் ஒரு நன்மை உண்டு. அவர் இல்லை என்று சொல்லவேண்டிய சங்கடம் இருக்காது.

பிப்ரவரி 13, திங்கள்

பெட்டியோடு கீழே வந்தேன். உலகம்மாளிடம் சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்று நினைத்தேன்.

"சிஸ்டர் வீட்டுல இல்லையே சார்" என்றார் தேவசகாயம். "நேத்து சாயங்காலமே மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனவ இன்னும் வரல. பிள்ளை குறுக்கே கெடக்காம். ஆபரேஷன்னு சொல்லுதாவ. சிஸ்டர் அந்தப் பொண்ணு கைய விட மாட்டாவ."

போன் செய்தேன். எடுக்கவில்லை. மருதமரத்தடியில் கூடும் நேரம் ஆகிக்கொண்டிருந்தது.

பெட்டியை தேவசகாயத்தின் மேசைக்கடியில் வைத்துவிட்டு நடந்தேன். பேருந்து நிலையத்தை நோக்கி நடந்ததாகத்தான் நினைவு. ஆனால் வாய்க்கால் பாலத்துக்கு வந்துவிட்டேன்.

அதை ஒட்டிய மருதமரத்தடியில் பத்துப் பன்னிரண்டு பேர் குந்தியிருந்தார்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஒல்லியான ஒருவர், தோளில் சிவப்புத் துண்டு. அதுதான் இசக்கி. தண்ணீர் வேண்டியவர் எழுந்து நின்று கேட்கிறார். தரக்கூடியவர் உட்கார்ந்தபடியே பதில் சொல்கிறார். வாங்குகிறவர் தம் அடுத்த முறையில் அதே அளவு திருப்பித் தரவேண்டும். எழுதுவதில்லை. இசக்கி கேட்டுக்கொண்டால் போதும். மாசானமும் இருந்தார். என்னைப் பார்த்ததும் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்.

"வேற யாருக்காவது தண்ணி கேக்கணுமா?" என்றார் இசக்கி.

நான் ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தேன். ஆகவே ஓர் அடி முன்னால் வைத்தேன்.

"சாருக்குத் தாகம் போல. ஏல, செம்புல மோந்து குடுங்க" என்று யாரோ சொன்னார்கள். சிரிப்பு.

"பள்ளத்து வயலுக்கு அரை வயல் தண்ணீர் வேண்டும்" என்றேன்.

"சிஸ்டர் எங்க?"

"ஆஸ்பத்திரியில்."

"அப்ப அவிய வந்து கேக்கட்டும் சார். வெளியாளு கேட்டு இங்க தண்ணி கொடுக்கிற வழக்கம் இல்ல. தப்பா நெனைக்காதீய."

"நேற்று நான்தானே கொடுத்தேன். அது செல்லும் என்றால்..."

"கொடுக்கதுக்கு யாரு வேணாலும் கொடுக்கலாம் சார்" என்றார் இசக்கி. "கேக்கதுக்கு வீட்டு ஆளு வேணும்லா?"

"அதானே" என்றார் மாசானம். "நீங்க சிஸ்டருக்கு யாரு?"

பல பதில்கள் இருந்தன. தெரிந்தவர். விருந்தாளி. அணைக்கட்டைப் பார்க்க வந்தவர். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் எதைச் சொன்னாலும் கீழ்ப்பாதி வயல் காய்ந்துபோகும்.

"நான் அந்த வீட்டு ஆள்" என்றேன். குரல் வரவில்லை போலிருக்கிறது. "என்ன?" என்று கேட்டார்கள். இன்னொரு முறை சொன்னேன். இந்தமுறை தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எப்பத்துல இருந்து?" என்றார் மாசானம்.

"இப்போதிலிருந்து."

"சிஸ்டருக்குத் தெரியுமா?"

"இன்னும் தெரியாது."

மரத்தடி முழுக்கச் சிரித்தது. ஒருவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. "சார், இங்க வெச்சுச் சொன்னத அப்புறம் மாத்த முடியாது. அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"யோசித்துவிட்டேன்" என்றேன். அது உண்மையல்ல. யோசித்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன்.

இசக்கி மாசானத்தைப் பார்த்தார். மேலே தலைமதகுப் பக்கம் அவருக்கு இன்னொரு வயல் இருக்கிறது; புதுச் சுற்றில் அதற்கு இன்று மத்தியானம் முறை. மாசானம் மீசையைத் தடவினார். "நேத்து காதுகுத்துல சாப்பாடே இறங்கல வே. சிஸ்டரு மூஞ்சி கண்ணுல நிக்கு. சரி, நம்ம முறையில இருந்து எடுத்துக்கிடட்டும். ஆனா ஒண்ணு. வீட்டு ஆளுன்னு சொல்லியாச்சு. மம்பட்டிய அவருதான் பிடிக்கணும். நான் வெட்டித் தர மாட்டேன், பாத்துக்கிடுங்க" என்றார்.

மடையை நானே வெட்டினேன். உலகம்மாள் நான்கு வெட்டில் செய்ததற்கு எனக்கு ஒரு யுகம் ஆயிற்று. மாசானம் வரப்பில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டு, "காலை வெட்டிக்கிடாதீய சார், அப்புறம் சிஸ்டருக்கு ரெட்டை வேலை" என்று உற்சாகப்படுத்தினார். தண்ணீர் உள்ளே புகுந்தபோது இரண்டு செருப்பையும் இழுத்துக்கொண்டு போயிற்று. நான் கவலைப்படவில்லை. வெடிப்புகளில் தண்ணீர் இறங்கும்போது ஒரு சத்தம் வருகிறது. நெடுநாள் பசித்த மாடு கழனித்தொட்டியில் வாய் வைத்ததுபோல. இதை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

முக்கால்வாசி நிறைந்திருந்தபோது உலகம்மாள் வந்தார். பேருந்தை விட்டு இறங்கி நேராக வந்திருக்க வேண்டும், கையில் கூடை. கண் சிவந்திருந்தது. மாசானம் பீடியை அணைத்துவிட்டு நழுவிவிட்டார்.

"பெண் குழந்தை" என்றார். "ரெண்டு பேரும் சுகம்."

"மிகவும் சந்தோஷம்."

"பஸ்ஸுல ஏறினதும் கண்டக்டர் கேக்கான், சிஸ்டர், உங்க வீட்டு ஆளு தண்ணி கட்டுதாராமேன்னு. எந்த வீட்டு ஆளுன்னு எனக்கு விளங்கவே இல்ல."

நான் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். தப்புதான். வேறு வழியில்லாமல்..."

"வேற வழி இல்லாமத்தான் சொன்னியளா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"இல்லை" என்றேன். "நீங்கள் சம்மதித்தால்..."

அவர் என்னைத் தாண்டி வயலைப் பார்த்தார். "அந்த மூலைக்குத் தண்ணி ஏறிட்டான்னு பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். ஏறியிருந்தது. வந்து சொன்னேன்.

"அப்ப அடைங்க. மாசானம் தண்ணி. கூட எடுக்கக் கூடாது."

அடைத்தேன். மண்வெட்டியை வாங்கும்போது என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டார். கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்திருந்தது. எனக்கே அதுவரை தெரியாது. "கையக் காட்டுங்க" என்றார். அது கேள்வியில்லை. நாற்பது வருஷம் வார்டில் சொல்லிய குரல்.

வீட்டுக்குப் போனோம், செருப்பில்லாமல். வாய்க்கால் படியில் உட்காரவைத்து, கையைக் கழுவி, மருந்து போட்டுக் கட்டினார். கட்டி முடித்தும் கையை விடவில்லை.

"வயல்ல வெச்சுப் பாதியில நிறுத்திட்டீய. மீதியையும் கேளுங்க. பாதிப் பாதியா விடுறது எனக்குப் பிடிக்காது."

கேட்டேன். முழுதாக, ஒரே வாக்கியமாக, எழுவாய் பயனிலையோடு கேட்டேன்.

"நான் புதன்கிழமையே சரின்னுதான் இருந்தேன்" என்றார் உலகம்மாள். "நீங்க வண்டலப் பத்திப் பேசிக்கிட்டு இருந்தீய."

பிப்ரவரி 15, புதன்

கையில் கட்டு இருப்பதால் எழுத்து கோணலாக வருகிறது. சுருக்கமாக எழுதுகிறேன்.

பூங்கோதையும் அவள் தோழியும் நாளைக் காலை வருகிறார்கள். ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். ரெஜிஸ்டர் ஆபீசில் எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வந்தபின் பேசவேண்டும். அதுவரை நான் லாட்ஜில்தான். அடுத்த முறையில் மாசானத்துக்கு அரை வயல் தண்ணீர் திருப்பித் தரவேண்டும். அதற்கு நான்தான் மடையில் நிற்கவேண்டும் என்று உலகம்மாள் சொல்லிவிட்டார்.

காலையில் வயலுக்குப் போனேன். கீழ்ப்பாதியில் இன்னும் ஈரம் இருக்கிறது. கதிர் தலை சாய்க்கத் தொடங்கியிருக்கிறது. ஓரத்தில் கொஞ்சம் பதராகத்தான் போகும் என்கிறார் உலகம்மாள்; பரவாயில்லையாம். திரும்பும்போது வாய்க்கால் கரையில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார்கள். "வலி எப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நான் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.